‘சூப்பர்’ வேண்டாம், எந்த இடத்தில் என்று சொல்லுங்கள்

நண்பர்கள் வாசித்து அனுப்பும் இசையைக் கேட்டு எப்படிக் கருத்துச் சொல்வது என்று ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இன்று எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முத்தியால்பேட்டை வீட்டில் என்னிடம் 88 கட்டை உள்ள ஒரு டிஜிட்டல் பியானோ இருக்கிறது. பகலில் வங்கி வேலை. ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் வாசிப்பேன். நாற்பதைத் தாண்டிக் கற்க ஆரம்பித்தவள் நான். கிரேடு பரீட்சை எதுவும் எழுதியதில்லை, எழுதும் எண்ணமும் இல்லை. இப்படிப் புதுச்சேரியிலும் கடலூரிலுமாக நாங்கள் ஆறு பேர் இருக்கிறோம். வாசித்ததைப் போனில் பதிவு செய்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லாஸ்பேட்டை அக்கா வீட்டு மாடியில் கூடி உட்கார்ந்து கேட்போம்.

முதல் ஒரு வருஷம் இதனால் எங்களில் யாருடைய வாசிப்பும் ஒரு அடி முன்னே போகவில்லை. யார் எதை அனுப்பினாலும் உடனே ‘சூப்பர்’, ‘அருமை’, கைதட்டும் பொம்மை. நான்கு நிமிஷப் பதிவுக்கு ஒரு நிமிஷத்தில் பாராட்டு வந்துவிடும். அன்பினால்தான் செய்தோம், நானும் செய்தேன். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரே எட்டு பாரை (பார் என்றால் நோட்டேஷனில் ஒரு தாளச் சுற்று) இருபது தடவை வாசித்து, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பியவளுக்கு அந்தப் பாராட்டு எவ்வளவு வெறுமையாக இருக்கும் என்பது அனுப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. இன்னொரு வகை இருக்கிறது: ‘இதை அந்த மேதை எப்படி வாசிச்சிருக்கார்னு கேளுங்க’ என்று ஒரு லிங்க். அதைக் கேட்டுத்தானே எனக்கு இந்த ஆசையே வந்தது!

எங்களுக்கு முதலில் கண் திறந்தது மஞ்சக்குப்பத்துத் தம்பியால். ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கிறவர். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய சி மேஜர் பிரெலூட் என்ற சின்ன உருப்படி, அவர் 1722இல் தொகுத்த நூலில் முதலாவது, அதை அனுப்பியிருந்தார். எல்லோரும் வழக்கம்போல அருமை என்றோம். அக்கா மட்டும் இரண்டு நாள் கழித்து எழுதினார்: “தம்பி, 22ஆவது பாருக்கு அப்புறம் ஒரு பார் அதிகமா கேட்குது. என் புத்தகத்துல மொத்தம் 35தான்.” தம்பி தன் பழைய புத்தகத்தைப் பார்த்தால் அதில் 36! பிறகுதான் தெரிந்தது, அந்த அதிகப்படி பார் பாக் எழுதியதில்லை, பின்னாளில் சேர்த்தது, பல பழைய பதிப்புகளில் அப்படியே வந்துவிட்டது என்று. பிரெஞ்சு இசையமைப்பாளர் கூனோ இந்த பிரெலூடின் மேல்தான் தன் மெட்டை வைத்தார், அதுவே ‘அவே மரியா’ என்ற மாதா பாட்டு ஆனது. அவர் எடுத்துக்கொண்டது அந்த அதிகப்படி பார் உள்ள பிரதியை. அதனால் திருமணத் திருப்பலியில் பாடுகிறவருக்கு வாசிக்கும்போது தம்பிக்கு 36 வேண்டும், தனியாக வாசிக்கும்போது 35 போதும். எட்டு வருஷமாக வாசித்த உருப்படியைப் பற்றி அவருக்கு இது தெரியாது. ஒருவர் உட்கார்ந்து எண்ணிக் கேட்டதால் தெரிந்தது.

அடுத்தது என் கதை. பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாத்தி 1888இல் வெளியிட்ட முதல் ‘ஜிம்னோபெதி’, அந்தப் பெயரில் அவர் எழுதிய மூன்று சின்ன பியானோ உருப்படிகளில் ஒன்று. பார்க்க எளிது. முதல் நான்கு பார் இடது கை மட்டும்தான். ஒரு பாருக்கு மூன்று தட்டு: ஒன்று என்னும்போது கீழே ஒரு பேஸ், அதாவது தாழ்ந்த ஸ்வரம், இரண்டு என்னும்போது கை தாவிப் போய் மேலே ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள், மூன்று சும்மா நிற்கும். பேஸ் ஜி, டி, ஜி, டி என்ற ஸ்வரங்களாக மாறி மாறி வரும். நான் அதில் சோகத்தைப் பிழிந்தேன். மூன்றாவது தட்டை இழுப்பேன், மெட்டு மேலே ஏறினால் சத்தத்தைக் கூட்டுவேன், இறங்கினால் கரைவேன். அக்கா சின்ன வயதில் வீணை கற்றவர். தொடையில் தாளம் போட்டபடியே கேட்டுவிட்டு, “காலப்பிரமாணம் நிக்கலம்மா, ஏழாவது பார்ல எனக்குத் தாளமே கையை விட்டுப் போச்சு” என்றார். எனக்குச் சுருக்கென்றது. உணர்ச்சி பாவத்தோடு வாசித்தால் அப்படித்தான் இருக்கும் என்று வாதாடினேன்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், பென்ஷன் அங்கிருந்து வருகிறது. பியானோவைத் தொட்டதுகூடக் கிடையாது. நோட்டேஷனின் தலையில் சாத்தி எழுதியிருந்த சொற்களைக் காட்டி அர்த்தம் கேட்டேன். ‘லான் ஏ துலூரே.’ நான் அதை ‘மெதுவாக, சோகமாக’ என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் தலையாட்டி மறுத்தார்.

“சோகம்னா திரிஸ்த்னு போட்டிருப்பான். இது துலேர், வலி. டாக்டர்கிட்ட போய்ச் சொல்லுவோமே, அந்த வலி. மனசு வலிக்கும் அதே சொல்லுதான்.”

பிறகு பதிவைக் கேட்டார். கண்ணை மூடி முழுவதும் கேட்டார். “நீ அழுவுறம்மா. வலி இருக்கிறவன் இப்படி அழமாட்டான். முட்டி வலிக்காரன் நடக்கிறதப் பாத்திருக்கியா? வேகமாவும் போவமாட்டான், நடுவுல நிக்கவும் மாட்டான். ஒரே சீரா, காலைப் பாத்துப் பாத்து வெப்பான்.”

அன்று ராத்திரி இடது கையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்தக் கீழ் ஜியை அடிக்காமல், கட்டை அடிமட்டம் வரை போவதை விரலில் உணர்ந்து வைத்தேன். வைத்துவிட்டு, அவசரப்படாமல் கார்டுக்கு நகர்ந்தேன். காலம் ஆடவே இல்லை! அக்கா சொன்னதும் தாத்தா சொன்னதும் ஒரே விஷயம். ஒருவர் தாளத்திலிருந்து வந்தார், இன்னொருவர் மொழியிலிருந்து வந்தார். இருவருமே ‘இப்படி வாசி’ என்று சொல்லவில்லை. தங்கள் காதில் என்ன விழுந்தது, எந்த இடத்தில் விழுந்தது என்று சொன்னார்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

பதிவு செய்கிறவர்களுக்கு ஒன்று. போனில் சத்த அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதி இருக்கும். மெல்ல வாசித்ததைத் தூக்கிவிடும், ஓங்கி வாசித்ததை அமுக்கிவிடும். எங்களில் ஒருவரை ‘எல்லாம் ஒரே சத்தமா இருக்கு’ என்று ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருந்தோம். நேரில் கேட்ட அன்றுதான் தெரிந்தது, குற்றம் போனுடையது, அவருடையதல்ல. அவரிடம் எல்லோரும் மன்னிப்புக் கேட்டோம். சத்த அளவை நாமே வைத்துக்கொள்ளும் செயலி ஏதாவது ஒன்றில் பதிவு செய்து, வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். வாய்ஸ் மெசேஜில் மென்மை எதுவும் மிஞ்சாது.

இப்போது எங்களுக்குள் ஒரே ஒரு ஒப்பந்தம். கருத்துச் சொல்லும் முன் இரண்டு தடவை கேட்க வேண்டும், எந்த இடம் என்று பார் எண்ணோ நிமிஷமோ குறிப்பிட வேண்டும். நேரமில்லை என்றால் ‘இன்னும் கேட்கல’ என்று சொல்லலாம், அதில் தப்பே இல்லை. பிடித்திருந்தாலும் இடத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். “கடைசி வரிக்கு முன்னாடி மூச்சு விட்டீங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சது” என்று தம்பி ஒரு தடவை எழுதினார். நான் மூச்சு விட்டதே எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அந்த இடம் வரும்போதெல்லாம் அவர் கேட்கிறார் என்ற நினைப்போடுதான் வாசிக்கிறேன்.

வருகிற இரண்டாம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மறுபடி கூடுகிறோம். பியானோ தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. உட்கார்ந்து முழுவதும் கேட்கிறவர்கள் யாரானாலும் வாருங்கள், இன்பாக்ஸில் வழி சொல்கிறேன். சொல்தா தாத்தாவும் வருகிறார். நான் இரண்டாவது ஜிம்னோபெதியை எடுத்திருக்கிறேன். அதன் தலையில் சாத்தி ‘திரிஸ்த்’ என்று எழுதியிருக்கிறார்.