இசிஎம் போச்சு என்று முடிவு கட்டும் முன்

"கோளாறு பார்க்கும் ஸ்கேனரில் இசிஎம் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) வரவில்லை என்றால் அது போச்சு, பழைய சாமான் கடையில் ஒன்று வாங்கி மாட்டினால் பிக்கப் வண்டி ஓடிவிடும்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு அண்ணே, இதை நம்பி யாரும் பணத்தை விட்டுவிடக் கூடாது.

போன மழைக்காலத்தில் ஆத்தங்குடிக் கல் ஏற்றி வந்த என் வண்டி காரைக்குடிக்கு முன்னாலேயே நின்றது. பட்டறையில் கம்ப்யூட்டரை மாற்றணும் என்றார்கள். பேட்டரித் தட்டைக் கழற்றிப் பார்த்தால் எர்த் ஒயரின் முனை பச்சைப் பசேலென்று பூத்து இரண்டே இழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஃபியூஸ், மெயின் ரிலே, எர்த், இந்த மூன்றும்தான் முதலில். ஸ்டார்ட்டர் சுற்றும்போது இசிஎம் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அப்புறம் சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட். ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலே அது விழுந்து, நல்ல இசிஎம்மும் செத்த மாதிரி தெரியும், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் பிடிபடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் மாற்றுவது. அப்போதும் பார்ட் நம்பர் பொருந்தினால் மட்டும் போதாது, இம்மொபிலைசர் (சாவியைச் சரிபார்க்கும் திருட்டுத் தடுப்பு) இருந்தால் கடையில் வாங்கிய பழைய இசிஎம்மை அப்படியே மாட்டினால் உங்கள் சாவியை ஏற்காது, காமன் ரெயில் டீசலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) பெரும்பாலும் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் தலையில் இருக்கும் குறியீட்டு எண்ணையும் அதில் பதிய வேண்டும்.