வானம் தெளிவாக இருந்தால் விமானங்கள் மோதாதா?

“சிறிய விமானங்கள் மோதுவது இரவிலும் மூடுபனியிலும்தான்; மற்ற நேரம் கட்டுப்பாட்டு கோபுரம் பார்த்துக்கொள்ளும்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

இத்தகைய மோதல்களில் பெரும்பாலானவை நல்ல வெளிச்சத்தில், பார்வை தெளிவாக இருக்கும்போது, விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் நடக்கின்றன. எல்லாரும் ஒரே ஓடுபாதையை நோக்கித்தானே வருகிறார்கள்! கோபுரமே இல்லாத சிறு விமானத்தளங்கள் ஏராளம். அங்கே விமானிகள் பொதுவான ரேடியோ அலைவரிசையில் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே, கண்ணால் பார்த்து விலக வேண்டும்.

கண்ணும் ஏமாற்றும். நேராக மோதவரும் விமானம் விமானியின் ஜன்னல் கண்ணாடியில் நகராது. ஒரே இடத்தில் புள்ளியாக நிற்கும், கடைசி சில நொடிகளில்தான் சட்டென்று பெரிதாகும். நகரும் பொருளைத்தான் கண் எளிதில் பிடிக்கும் என்பதால் இது மிக ஆபத்தானது. இறக்கை மேலே உள்ள விமானத்தில் மேற்பக்கம் மறையும். இறக்கை கீழே உள்ளதில் அடிப்பக்கம் மறையும். தரையிறங்கும்போது முதல் வகை கீழேயும் இரண்டாம் வகை அதன் மேலேயும் வந்தால் இருவருக்குமே தெரியாது.

விமானம் இருக்கும் இடத்தைத் தானாகவே ரேடியோவில் அறிவித்து, மற்றவர்களின் திரையில் காட்டவைக்கும் ஏடிஎஸ்-பி கருவி உதவும், உண்மைதான். ஆனால் அது இல்லாத விமானம் திரையில் தெரியாமலே போகலாம்.