அப்பாவின் போனில் அப்பாவுக்கு இடமில்லை

நேற்று அதிகாலை மூன்று மணி. பாம்பன் கரையில் அப்பா போனை என்னிடம் நீட்டி, "இது ஏறமாட்டேன் என்கிறது, என்னவென்று பார்" என்றார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்கென்றே உருவாக்கிய செயலி அது. காற்று, அலை உயரம், எல்லைக்கோடு எவ்வளவு அருகில் என்பது வரை சொல்லும். கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் அது உயிருக்குக் காவல். திரையில் வந்தது ஒரே வரி: போதிய இடமில்லை.

போன் வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. பெட்டியில் 32 ஜிபி என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்றார்கள். மீன் விற்ற காசை எண்ணிக் கொடுத்து ராமநாதபுரத்தில் வாங்கினோம். அந்த இடம் எங்கே போயிற்று?

மற்றவர்கள் ஐஸ் பெட்டியைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் மணலில் உட்கார்ந்து எண்ணினேன். அப்பா கேட்காமலே உள்ளே குடியேறியிருந்த செயலிகள் 27. இணையம் பார்க்கும் உலாவிகள் இரண்டு, மூன்று விளையாட்டுகள், கடன் வாங்கச் சொல்லி அழைக்கும் ஒன்று, பெயரைப் பார்த்தாலும் எதற்கென்று புரியாத பல. அழுத்திப் பிடித்தால் பலவற்றில் 'நீக்கு' என்ற சொல்லே வரவில்லை, 'முடக்கு' மட்டும்தான். சிலவற்றுக்கு அதுவும் கிடையாது. கடைசியில் அக்கா மகளின் காதுகுத்துப் படங்களை அழித்தேன். "அழித்துவிடு, நேரமாகிறது" என்று அப்பாதான் சொன்னார். வயிறு எரிந்தது.

விடிந்ததும் கடைக்குப் போய்க் கேட்டேன். "அது கம்பெனியிலிருந்தே வருகிறது அண்ணே, எடுக்க முடியாது. இலவசம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார் கடைத் தம்பி. எது இலவசம்? இடம் நாங்கள் காசு கொடுத்து வாங்கியது. அவை தாமாகவே புதுப்பித்துக்கொண்டு தின்கிற டேட்டாவும் எங்கள் ரீசார்ஜ்தான்.

இந்தக் கட்டு எங்களுக்குப் புதிதல்ல. படகுக்கும் வலைக்கும் ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், பிடித்த மீனை அவரிடமே போட வேண்டும், அவர் சொல்கிற விலைக்கே. பக்கத்துத் தராசில் கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுத்தாலும் அங்கே போகக் கூடாது. அந்த வியாபாரியாவது கையில் பணம் கொடுத்திருக்கிறார். போனில் நாங்கள் பணம் கொடுத்துவிட்டுக் கட்டுப்பட்டுக் கிடக்கிறோம்! நாளை இந்த ஊர்ப் பிள்ளையே நல்லதொரு செயலி செய்தாலும் அது எங்கே வந்து உட்காரும்? திண்ணை முழுவதும் ஏற்கெனவே ஆட்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. வியாபாரத்தில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம், 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தன் செயலிகளை மொத்தமாக ஏற்றும்படி போன் தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியது அதில் முக்கியமான குற்றச்சாட்டு. முன்கூட்டியே ஏற்றிய அந்தச் செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்றும் ஆணையம் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே உறுதி செய்தது. ஆனால் நீக்கலாம் என்ற அந்த உத்தரவை மட்டும் வேறு சிலவற்றோடு சேர்த்து ரத்து செய்துவிட்டது. அபராதம் அரசுக் கணக்குக்குப் போகும். எங்களுக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய ஒரே வரியைத்தான் வெட்டினார்கள். அப்பாவின் போனில் இருப்பவை பல கம்பெனிகளுடையவை. அத்தனை பேருக்கும் பொருந்துகிற ஒரு விதியை எழுத இத்தனை ஆண்டுகளா?

ஐரோப்பாவில் 2009-லேயே, எந்த உலாவி வேண்டும் என்று கேட்கும் திரையை வைக்க மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. பிறகு ஓராண்டுக்கு மேல் அந்தத் திரையைப் பலருக்குக் காட்டாமல் விட்டதற்காக 2013-ல் 56.1 கோடி யூரோ அபராதம் கட்ட நேர்ந்தது. கேட்காமல் விட்டதற்கே அங்கே அவ்வளவு தண்டனை. எங்களையும் கேளுங்கள். போனை முதன்முதலில் திறக்கும்போது, இது வேண்டுமா, இது வேண்டாமா என்று தமிழில் கேளுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். எங்கள் அப்பாவுக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நாற்பது ஆண்டுகளாகக் காற்றைப் பார்த்துத் தொழிலுக்குப் போகிறவர்.

காதுகுத்துப் படங்களை அனுப்பச் சொல்லி மாலையில் அக்காவுக்குப் போன் செய்தேன். இடம் போதாமல் அவளும் போன மாதமே அழித்துவிட்டாளாம்.