நப்பின்னை என்பது பெயர்தான்

சனிக்கிழமை விழா வீடியோவை உங்களில் நிறைய பேர் பார்த்துவிட்டீர்கள். எனக்கே பதினோரு பேர் அனுப்பினார்கள். அதனால் முதலிலிருந்து கதை சொல்லப்போவதில்லை. குறள் ஒப்புவித்து இரண்டாம் பரிசு வாங்கிய ஒன்பது வயதுப் பெண்ணை மேடைக்குக் கூப்பிட வேண்டியவர், கையிலிருந்த தாளை இரண்டு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, "நப்... நப்பின்னை? இது பேரா? யாரும்மா உனக்கு இந்தப் பேரை வச்சது?" என்று மைக்கில் கேட்டார். அரங்கமே சிரித்தது. நடந்தது தமிழ் விழா. மேடைக்குப் பின்னால் வள்ளுவர் படம் ஒரு ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்தது.

வைத்தது நான்தான். அவள் அம்மா. கோபம் ஆறட்டும் என்று இரண்டு நாள் பொறுத்தேன், ஆறவில்லை. கேட்டவருக்கும் சிரித்தவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

நப்பின்னை என்பது பெயர்தான். நான் கண்டுபிடித்ததும் இல்லை, எண்கணிதக்காரர் எழுத்தைக் கூட்டிக் கொடுத்ததும் இல்லை. மார்கழி மாதம் முழுக்க விடியற்காலையில் ஊர் ஊராக ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கிறதே, அந்த முப்பது பாட்டில் 18, 19, 20 மூன்றிலும் அடுத்தடுத்து இந்தப் பெயர் வருகிறது. ஆண்டாளும் தோழிகளும் வீடு வீடாகப் போய்ப் பெண்களை எழுப்பி, வாயில் காப்பவனிடம் கெஞ்சி, நந்தகோபனையும் யசோதையையும் பலதேவனையும் எழுப்பிப் பார்க்கிறார்கள். கதவு திறக்கவில்லை. அதற்கப்புறம்தான் இவளிடம் வருகிறார்கள். "நந்தகோபாலன் மருமகளே நப்பின்னாய், கந்தம் கமழும் குழலீ கடைதிறவாய்." அந்தப் பாட்டிலேயே கண்ணனை "உன் மைத்துனன்" என்று அவளிடம் சொல்கிறார்கள். அவள் யசோதையின் உடன்பிறந்தான் கும்பனுடைய மகள் என்பது வைணவ மரபு. அதாவது கண்ணன் அவளுக்கு அத்தை மகன், கட்டிக்கொள்ளும் முறை. இதைவிட நம் ஊர் உறவு ஒன்று இருக்கிறதா? அவளை மணக்கத்தான் கண்ணன் ஏழு காளைகளை அடக்கினான் என்று ஆழ்வார்கள் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள்.

இந்தப் பதினெட்டாம் பாட்டை வைத்து இராமானுசரைப் பற்றி ஒரு கதை உண்டு. பாட்டைச் சொல்லிக்கொண்டே பிச்சைக்குப் போனவர், "செந்தாமரைக் கையால் சீரார் வளையொலிப்ப வந்து திறவாய்" என்ற வரியில் குருவின் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறார். வளையல் ஒலிக்கக் கதவைத் திறந்தது குருவின் சின்ன மகள். நப்பின்னையே வந்துவிட்டாள் என்று அப்படியே மூர்ச்சையாகி விழுந்துவிட்டாராம். ஒரு சிறு பெண் கதவைத் திறந்ததற்கு ஒரு பெரியவர் இப்படி விழுந்தார் என்று நம்பிய ஊர் இது. அதே ஊரில் ஒரு சிறு பெண் பரிசு வாங்க வந்தால் "இது பேரா" என்று கேட்கிறார்கள்.

"அது சாமி பெயர், பக்திப் பெயர், எல்லாருக்கும் எப்படித் தெரியும்" என்று ஒரு நண்பர் கேட்டார். சரி, கோயிலை விடுங்கள். சிலப்பதிகாரத்துக்கு வாருங்கள். மதுரைக்கு வெளியே ஆய்ச்சியர் சேரி. பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர் வடிகிறது. என்னவோ கெட்டது வரப்போகிறது என்று, கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்த மாதரி பயந்து, கண்ணகி பார்க்கட்டும் என்று குரவைக் கூத்துக்கு ஏற்பாடு செய்கிறாள். ஏழு பெண்களை நிறுத்தி ஏழு சுரங்களின் பெயரை வைக்கிறாள். குரல் என்ற பெண் மாயவன். இளி என்ற பெண் பலராமன். "ஆய்மகள் பின்னையாம் என்றாள் ஓர் துத்தத்தை." துத்தம் என்ற பெண்தான் பின்னை. "வேல்நெடுங்கண் பிஞ்ஞையோடு ஆடிய குரவை ஆடுதும்" என்கிறாள் மாதரி. கோவலன் போன இடத்தில் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும், அந்தப் பெண்களுக்குத் தெரியாது. தெரியாமல் ஆடுகிறார்கள். கண்ணகி பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். இப்போது அதில் என் பெண்ணின் பெயரும் இருப்பதால் இன்னும் கொஞ்சம் அதிகமாக.

மணிமேகலை பௌத்தக் காப்பியம். அதிலும் மாமணி வண்ணனும் அண்ணனும் பிஞ்ஞையும் ஆடிய குரவை வருகிறது. சீவக சிந்தாமணி சமணக் காப்பியம். அதில் நந்தகோன் தன் மகள் கோவிந்தையைச் சீவகனுக்குக் கொடுக்க வந்து, "குலம் நினையல் நம்பி" என்று தொடங்கி, முருகன் வள்ளியை மணக்கவில்லையா, திருமால் நப்பின்னையை அடையவில்லையா என்று கேட்கிறான். குலம் பார்க்காதே என்று சொல்ல ஒரு தகப்பனுக்கு ஆதாரமாகக் கிடைத்த பெயர் இது. மூன்று சமயத்தார் எழுத்திலும் இருக்கிற பெயரை ஒரு சமயத்துக்குள் அடைத்துவிட்டுத் "தெரியாது" என்று சொன்னால் நான் என்ன செய்ய.

பொருளும் கேட்டார்கள். "பின்னை" என்றால் பின்னால் பிறந்தவள், இளையவள். முன்னால் இருக்கும் "ந" நன்மை குறித்த ஒட்டு. கீரன் நக்கீரன் ஆனதும் அப்படித்தான், பசலை நப்பசலை ஆனதும் அப்படித்தான், செள்ளை நச்செள்ளை ஆனதும் அப்படித்தான். நல்ல இளையவள், அருமையான சின்னவள். அவ்வளவுதான். என் இரண்டாவது மகளுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயரை எவரும் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் ஏன் யாருமே வைப்பதில்லை? இது நியாயமான கேள்வி. நானும் யோசித்திருக்கிறேன். ஆண்டாள், கோதை என்று பெயர் வைத்தவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். அந்த ஆண்டாள் மூன்று பாட்டில் கெஞ்சிக் கூப்பிட்ட பெயரை வைத்த இன்னொருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. பெருமாள் கோயில்களில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஸ்ரீதேவியும் பூதேவியும்தான் நிற்கிறார்கள், இவளுக்கு இடம் இல்லை. வைணவ ஆசாரியர் பராசர பட்டர் திருப்பாவைக்குப் பாடிய வடமொழித் தனியனில், அதாவது நூலுக்கு முன்னால் சொல்லும் வாழ்த்துப் பாட்டில், இவள் "நீளா" ஆகிவிட்டாள். அப்புறம் பஜனையிலும் காலண்டர் படத்திலும் கண்ணன் பக்கத்தில் ராதை வந்து நின்றாள். ராதை மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் நம் வீட்டுப் பெண் எழுந்து போன இடத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்பதுகூட நமக்குத் தெரியவில்லையே என்பதுதான் வருத்தம். பெயர் அரிதாகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். அரிதாகிவிட்டால் அது பெயரே இல்லை என்று ஆகிவிடுமா?

"குழந்தைக்குத்தானே கஷ்டம், எளிதாக ஒன்று வைத்திருக்கலாமே" என்பது அடுத்தது. இதைச் சொன்னவர்களில் என் சொந்த அண்ணனும் உண்டு. அண்ணே, உங்கள் பேரன் ஐந்து வயதில் கிறிஸ்டியானோ ரொனால்டோ என்று பிசிறில்லாமல் சொல்கிறான். அதைச் சொல்லும் வாய்க்கு நப்பின்னை வராதா? ந, ப், பி, ன், னை. ஐந்தே எழுத்து. வடமொழி எழுத்து ஒன்றுகூட இல்லை. பிறப்புச் சான்றிதழில் முதலில் "நம்பின்னை" என்று அடித்துக் கொடுத்தார்கள். திருத்த நான்கு தடவை நடந்தேன். நான்கு தடவையும் "வேற பேரே கிடைக்கலையாம்மா" என்று கேட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் பி இரண்டா, என் இரண்டா என்று இன்றுவரை ஒவ்வொரு படிவத்திலும் குழப்பம். இதெல்லாம் தொல்லைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் எழுதச் சுலபமாக இருக்கிறதா என்று பார்த்தா தமிழ்ப் பிள்ளைக்குப் பெயர் வைக்க வேண்டும்?

"சும்மா ஒரு தமாஷுக்குச் சொன்னார், பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்." இதைத்தான் அதிகம் பேர் சொன்னார்கள். இதற்குத்தான் எனக்குப் பொறுமை இல்லை. தமாஷ் என்றால் சம்பந்தப்பட்டவரும் சிரிக்க வேண்டும். வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். எல்லாரும் சிரிக்கும்போது அவள் என்னைத் தேடுகிறாள். கூட்டத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று கண்ணால் தேடுகிறாள்.

இந்தப் பெயரை எனக்குச் சொன்னது யார் என்று நான் எங்கும் எழுதியதில்லை. என் அத்தை. அப்பாவின் தங்கை. நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால் அவருக்கு வைத்த பெயர் போதும்பொண்ணு. எங்கள் பக்கம் அது ஒன்றும் அரிதான பெயர் இல்லை. போதும்பொண்ணு, வேண்டாம் என்றெல்லாம் பெண்களுக்குப் பெயர் வைத்த நாடு இது. ரேஷன் கார்டில் அந்தப் பெயர், வாக்காளர் அட்டையில் அந்தப் பெயர். வீட்டில் "ஏ போதும், தண்ணி கொண்டா" என்பார்கள். ஒரு ஆள் கூட "இது பேரா, யார் வச்சது" என்று அத்தையிடம் கேட்டதில்லை. அந்தப் பெயரை அறுபது வருஷம் கூச்சமில்லாமல் கூப்பிட்டார்கள்.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திருப்பாவை முப்பதும் மனப்பாடம். மார்கழியில் அதிகாலை குளித்து, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவார். என்னையும் இழுத்துக்கொண்டு போவார், பொங்கல் பிரசாதத்துக்காக நானும் போவேன். பதினெட்டாம் நாள் மட்டும் அத்தையின் குரல் தனியாகக் கேட்கும். "நப்பின்னாய்" என்ற இடத்தில் கொஞ்சம் நீட்டுவார்.

எனக்கு இரண்டாவதும் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் "பின்னையும் பொண்ணா" என்று கேட்டார்கள். கேட்டது என் மாமியார் வீட்டுப் பக்கம், என் பக்கம், எல்லாப் பக்கமும்தான். அத்தை மூலையில் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் போன பிறகு குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, "பின்னைதான். நப்பின்னைன்னு வையி தாயி. பின்னால பொறந்தவள நல்லவன்னு கூப்பிட்ட பேரு அது ஒண்ணுதான்" என்றார். அத்தைக்கு ஒட்டு இலக்கணம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்காமல் விட்டுவிட்டேன். இப்போது கேட்க அத்தை இல்லை.

அதனால்தான் சனிக்கிழமை அந்தச் சிரிப்பு எனக்கு வேறு மாதிரி கேட்டது. வேண்டாம் என்ற பெயரைச் சுமந்த பெண்ணைப் பார்த்துச் சிரிக்காத ஊர், நல்லவள் என்ற பெயரைப் பார்த்துச் சிரிக்கிறது. பெயரைச் சரியாக வாசிக்கத் தெரியாதது குற்றமே இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டிருக்கலாம். அவளிடமே கேட்டிருக்கலாம், அழகாகச் சொல்லியிருப்பாள். பத்துக் குறளைத் தடுமாறாமல் சொன்னவள்.

அன்று ராத்திரி படுக்கப் போகும்போது, "அம்மா, அடுத்த தடவை அக்கா பேரை எழுதிக் கொடுத்துட்டா என்ன?" என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கோயிலில் அத்தை பாடியதை என் பழைய போனில் பதிந்து வைத்திருக்கிறேன். பின்னால் மணிச் சத்தம், யாரோ இருமுகிற சத்தம், நடுவில் அந்தக் குரல். அதைப் போட்டேன். "நப்பின்னாய்" என்று நீட்டுகிற இடம் வந்ததும் தலையைத் தூக்கி, "இது யாரும்மா என்னைக் கூப்பிடறது?" என்றாள். பதில் சொல்வதற்குள் திரும்பவும் போடச் சொன்னாள். மூன்றாம் தடவை பாட்டு முடிவதற்குள் தூங்கிவிட்டாள்.