சில்லறை அரக்கர்களை ஒதுக்காதீர்கள், ஓடவிடுங்கள்

"ஐந்தாம் நிலைக்கு வந்துவிட்டோம், இன்னமும் கோபோல்டா?" எங்கள் குழுவில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. கோபோல்டு என்பது பல்லி போன்ற ஒரு குட்டி அரக்கன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதையாக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிற பலருக்கும் இதே எண்ணம்தான். நிலை உயர்ந்ததும் சில்லறை அரக்கர்களைக் கைகழுவிவிட்டு, ஒரு பூதம், ஒரு டிராகன் என்று பெரிய தலைகளைத் தேடிப் போகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. இந்த ஆட்டத்தில் உள்ள சண்டைகளிலேயே உயிரோட்டமானது, சின்னஞ்சிறு அரக்கர்களின் பெருங்கூட்டம் துரத்த, ஓடிக்கொண்டே மோதுகிற சண்டைதான். ஓட வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

முப்பது கோபோல்டுகளை ஓர் அறைக்குள் நிறுத்தினால் என்ன நடக்கும்? மந்திரவாதி ஒரு தீக்கோளம் வீசுவார். இருபது அடி ஆரத்துக்குள் நின்றதெல்லாம் கருகும். மிஞ்சியதை ஒவ்வொன்றாகப் பகடை உருட்டித் தீர்ப்பதற்குள் பிளேன்டீ ஆறிப்போகும். இப்படி ஆடிப் பார்த்துவிட்டுத்தான் கூட்டச் சண்டை சலிப்பு என்கிறார்கள். கூட்டத்தின் மீது ஏன் பழி போடுகிறீர்கள்? அதை அறைக்குள் அடைத்தது யார்?

கணக்கைப் பாருங்கள். 2014 விதிகளில் கோபோல்டுக்கு உயிர்ப்புள்ளி, அதாவது அடி தாங்கும் அளவு, வெறும் 5. ஆனால் அது தாக்கும் ஆளுக்குப் பக்கத்திலேயே அதன் கூட்டாளி ஒன்று நின்றால், இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளும். கவச எண் 18 உள்ள வீரரை அடிக்க அதற்கு இருபதுமுகப் பகடையில் 14 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். தனியாக வந்தால் நூற்றுக்கு 35 வாய்ப்பு, கூட்டாளியோடு வந்தால் ஏறத்தாழ 58. எட்டுப் பக்கமும் எட்டு கோபோல்டு சூழ்ந்துகொண்டால் ஒரே சுற்றில் 20 புள்ளி அளவில் போய்விடும். ஐந்தாம் நிலை வீரரிடம் இருப்பதே நாற்பது சொச்சம். மூன்றாவது சுற்றில் ஆள் தரையில் கிடப்பார். அதே வீரர் ஒற்றையடிப் பாதையில் நின்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அவ்வளவுதான் கத்தி எட்டும். எங்கே நிற்கிறோம், எப்போது கிளம்புகிறோம் என்பதில்தான் உயிரே இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குளவி கலைந்து வந்தால் யாரும் நின்று அடிப்பதில்லை. கூடையைப் போட்டுவிட்டு, தலையை மூடிக்கொண்டு ஓடுவார்கள். ஒரு குளவி பொருட்டல்ல, கூட்டம் ஆளைக் கொல்லும். நம்மில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த வலி தெரியும்.

எங்கள் ஆட்டத்தை நடத்தும் தங்கை கோபோல்டுகளைத் தேயிலை மலைக்கே கொண்டுவந்துவிட்டாள். அவற்றின் உயரம் இரண்டு, இரண்டரை அடி. கொழுந்து எடுக்கும் செடி இடுப்பளவு நிற்கும். முப்பது கோபோல்டு இறங்கி வந்தாலும் மேலே இலை அசைவது மட்டும்தான் தெரியும். செடிகள் நெருங்கிக் கோத்துக்கொண்டு நிற்பதால் நமக்கு ஓட வழி பாதை ஒன்றே. அவை செடிக்கு அடியிலேயே புகுந்து வரும். 2014 விதிகளில் மனிதருக்கும் கோபோல்டுக்கும் வேகம் சுற்றுக்கு 30 அடி, குள்ளர் இனத்தாருக்கு 25. இரு தரப்பும் இரட்டை வேகத்தில் முழு ஓட்டம் பிடித்தால் சுற்றுக்குப் பத்து அடி வீதம் குள்ளர் பின்தங்குவார். அவரை விட்டுவிட்டு ஓடுவதா, அவருக்காக நிற்பதா? எந்த டிராகனும் இப்படியொரு கேள்வியை எங்கள் மேசையில் வைத்ததில்லை. "அண்ணா, நீங்கள் ஓடுங்கள், கவ்வாத்து மலை வரும்வரை நான் பாதையை மறித்துக்கொள்கிறேன்" என்றான் குள்ளராக ஆடிய தம்பி. கவ்வாத்து வெட்டிய மலையில் ஒளிய இலை கிடையாது. கூட்டம் வெட்டவெளிக்கு வந்த பிறகுதான் மந்திரவாதி தீக்கோளத்தை எடுத்தார். அறைக்குள் சுவையற்றுப் போன அதே மந்திரத்துக்கு மேசையே எழுந்து நின்றது.

இன்னொன்று மனவுறுதிச் சோதனை. இதே ஆட்டத்துக்கு 1981இல் வந்த பேசிக் விதிகளில் அது இருந்தது. முதல் சாவு விழும்போதும் பாதிக் கூட்டம் சாய்ந்ததும் இரண்டு அறுமுகப் பகடை உருட்ட வேண்டும். அரக்கரின் மனவுறுதி எண்ணைத் தாண்டிவிட்டால் அவை பின்வாங்கும். கோபோல்டுக்கு அந்த எண் 6, தலைவன் கூட இருந்தால் 8. அதாவது தலைவன் இல்லாத கூட்டம் கலையும் வாய்ப்பு பாதிக்கும் மேல், தலைவன் இருந்தால் கால்பங்கு சொச்சம். யாரை முதலில் வீழ்த்த வேண்டும் என்று விதியே சொல்லிக்கொடுக்கிறது. கடைசி கோபோல்டு வரை வரிசையில் வந்து சாவது எனக்குப் பொறுக்கவில்லை. உயிர்மேல் ஆசையுள்ள எதிரிதான் எதிரி.

நடத்துபவருக்கு வேலை கூடும் என்பார்கள். 2014 நடத்துநர் நூலிலேயே கூட்டத் தாக்குதலுக்குச் சுருக்கவழி உண்டு: 14 விழ வேண்டுமென்றால் தாக்குகிற மூன்று பேருக்கு ஓர் அடி பட்டதாக வைத்துக்கொள்ளலாம், பகடையே வேண்டாம். 2008இல் வந்த நான்காம் பதிப்பு ஒரே உயிர்ப்புள்ளி கொண்ட அடியாட்களைக் கொண்டுவந்தது. வேலை எளிதுதான், ஆனால் எந்த அடி பட்டாலும் செத்துவிழுகிறவர்களைக் கண்டு யார் ஓடுவார்கள்? 1978 விதிநூலின் வழி எனக்குப் பிடிக்கும். உயிர்ப்புள்ளிக்கு ஒரு முழு எண்முகப் பகடைகூட இல்லாத சிறு அரக்கர்களை எதிர்க்கும்போது, வீரர் தன் நிலை எத்தனையோ அத்தனை முறை அடிக்கலாம். ஐந்தாம் நிலை வீரர் ஐந்து முறை வீசுவார். கோபோல்டு கோபோல்டாகவே இருக்கும், வளர்ந்திருப்பது வீரர்.

எங்கள் குழுவில் ஓர் அண்ணன் கேட்டார்: "வாரம் முழுக்க உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோபோல்டைக் கண்டு ஓடவா வருகிறோம்?" நியாயமான கேள்வி. ஆனால் ஓட்டத்தை அவமானமாக்கியது, கொன்றால்தான் நிலை உயர்த்தும் அனுபவப் புள்ளி என்ற கணக்கு. பழைய விதிகளில் அனுபவப் புள்ளியின் பெரும்பகுதி கொண்டுவந்து சேர்த்த பொன்னுக்குத்தான், ஒரு பொன்னுக்கு ஒரு புள்ளி. மூட்டையோடு தப்பியவர்தான் அங்கே வென்றவர்.

ஆகவே அடுத்த ஆட்டத்தை நடத்தப்போகிற தம்பி தங்கைகளே, பகடையைத் தொடும் முன்பே சொல்லிவிடுங்கள்: ஆற்றுக்கு அக்கரைதான் எல்லை, எல்லோரும் மூட்டையோடு அங்கே சேர்ந்தால் முழுப் புள்ளி, எத்தனை கோபோல்டு செத்தது என்று யாரும் எண்ணப்போவதில்லை.