37 தோல்வியை மட்டும் சொல்லாதீங்க

நேத்து ஒரு நண்பர் வீட்டுல ஃபுட்பால் பேச்சு வந்தப்ப (அமெரிக்கன் ஃபுட்பால் தான்) ஒருத்தர் சுவானி காலேஜை "எஸ்இசில (தெற்கு மாகாண காலேஜ் டீம்கள் ஆடுற பெரிய லீக்) ஒரு மேட்ச் கூட ஜெயிக்காத டீம்"னு சொல்லி சிரிச்சாரு, எனக்கு மனசே ஆறல, அதான் எழுதுறேன்.

சுவானி டென்னசில மலை மேல காட்டுக்கு நடுவுல இருக்குற சின்ன லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ், முழுப்பேரு யுனிவர்சிட்டி ஆஃப் தி சவுத். 1899ல இவங்க ஆடுன 12 மேட்சையும் ஜெயிச்சாங்க. எடுத்தது 322 பாயிண்ட், விட்டது வெறும் 10. அந்த பத்தும் ஆபர்ன் ஒரே டீம் எடுத்தது, அப்ப அதுக்கு கோச் ஜான் ஹைஸ்மன், இப்ப சிறந்த காலேஜ் ஃபுட்பால் பிளேயருக்கு ஹைஸ்மன் டிராஃபின்னு குடுக்குறாங்களே, அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் தான். அவரையும் 11-10னு ஜெயிச்சுட்டாங்க.

அதே வருஷம் நவம்பர்ல வெளியூர் மேட்சுங்களுக்குப் போன ரயில் பயணத்த நினைச்சா இப்பவும் சிலிர்க்குது. வாண்டர்பில்ட் காலேஜோட டிக்கெட் காசைப் பிரிக்குறதுல தகராறாகி அந்த மேட்சே நடக்கல, பணத்துக்கு வழி வேணும்னு லூக் லீங்கிற ஸ்டூடண்ட் மேனேஜர் போட்ட பிளான் இது. 9ம் தேதி டெக்சாஸ் 12-0, மறுநாள் டெக்சாஸ் ஏ அண்ட் எம் 10-0, அதுக்கு மறுநாள் டுலேன் 23-0, ஞாயித்துக்கிழமை மட்டும் ரெஸ்ட், திங்கள் எல்எஸ்யூ 34-0, செவ்வாய் ஓல் மிஸ் 12-0. ஆறு நாள்ல அஞ்சு மேட்ச், ஒருத்தனும் ஒரு பாயிண்ட் எடுக்கல. வெளியூர் தண்ணி ஒத்துக்காதுன்னு ஊர் ஊத்துத் தண்ணியை பீப்பாயில நிரப்பி ரயில்ல ஏத்திட்டுப் போனாங்களாம், நம்ம வீட்டுப் பெரியவங்க செய்யுற மாதிரியே.

அப்புறம் 1932ல எஸ்இசி ஆரம்பிச்சப்ப இவங்களும் சேந்தாங்க. அதுக்குள்ள அலபாமா, எல்எஸ்யூ எல்லாம் எங்கயோ போயிட்டாங்க, சில நூறு பசங்க படிக்குற காலேஜ் எப்படி ஈடு குடுக்கும்? 37 மேட்ச், 37ம் தோல்வி. உண்மை தான், நான் மறைக்கல.

ஆனா 1940ல என்ன பண்ணாங்கன்னு யாரும் சொல்றதில்லயே! துணைவேந்தர் அலெக்ஸாண்டர் கெரி எஸ்இசியை விட்டு வெளிய வந்தாரு, விளையாட்டுக்குன்னு குடுத்த ஸ்காலர்ஷிப்பையும் நிறுத்துனாரு, ஆனா டீமை கலைக்கல பாருங்க, அங்க தான் எனக்கு அவர் மேல அவ்ளோ மரியாதை. படிக்க வந்த பசங்க விளையாடட்டும், விளையாட ஆள் விலைக்கு வாங்க வேணாம், அவ்ளோ தான் விஷயம். என்னைக் கேட்டா 1899ஐ விட இது பெரிய காரியம். இன்னைக்கு டிவிஷன் த்ரீல (விளையாட்டு ஸ்காலர்ஷிப் குடுக்காத காலேஜுங்க ஆடுற பிரிவு) ஆடுறாங்க, இப்பவும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது.

போன அக்டோபர்ல நாஷ்வில்ல இருந்து கார் எடுத்துட்டு ஒரு மேட்ச் பாக்கப் போனேன். 1891லேந்து ஃபுட்பால் ஆடுற கிரவுண்டு அது. மேட்ச் முடிஞ்சதும் முழங்கால் எல்லாம் சேறோட ஒரு பையன் புல்லுல உக்காந்து அம்மா கொண்டு வந்த சாண்ட்விச்ச சாப்டுக்கிட்டே, திங்கக்கிழமை கெமிஸ்ட்ரி பரிட்சை இருக்கும்மா, சீக்கிரம் ரூமுக்குப் போறேன்னு சொல்லிட்டு இருந்தான்.