வளர்ச்சிக் காரணியை அடைத்தால் எல்லாக் குடல் புற்றும் அடங்கிவிடுமா?

‘பெருங்குடல் புற்றுக்கு வளர்ச்சிக் காரணியை அடைக்கும் ஊசி வந்துவிட்டது, இனி யாருக்கும் கீமோ வேண்டாம்’ என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஊசி உண்மை. ‘யாருக்கும்’ என்பதுதான் பொய்.

செடுக்சிமாப், பானிட்டுமுமாப் என்பவைதான் அந்த ஊசி மருந்துகள். இரண்டும் செல்லின் மேலுள்ள, வளர்ச்சிக் காரணியை ஏற்கும் ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பியை அடைக்கின்றன. வழக்கமாக, செல்லைப் பெருகத் தூண்டும் புரதமான வளர்ச்சிக் காரணி அதில் வந்து ஒட்டிய பிறகுதான் உள்ளே ராஸ் புரதம் விழிக்கும். ராஃப், மெக், எர்க் என்று அடுத்தடுத்த புரதங்களிடம் கைமாறி, ‘பெருகு’ என்ற உத்தரவு செல்லின் உட்கருவுக்குப் போகும். சரி, ராஸ் மரபணுவே பிறழ்ந்திருந்தால்? அழுத்த ஆளில்லாமலே அழைப்பு மணி அடித்துக்கொண்டிருக்கும். வாசலில் பொத்தானை மூடி என்ன பயன்?

பெருங்குடல் புற்றுகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தில், ராஸ் மரபணுக்களில் ஒன்றான கேராஸில் பிறழ்வு இருக்கிறது. 2004-இல் செடுக்சிமாபுக்கு அனுமதி தந்த அமெரிக்காவிலேயே, கேராஸ் பிறழ்ந்தவர்களுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை என்று 2009-இல் மருந்துக் குறிப்பைத் திருத்தினார்கள். பிறழ்வு இல்லாதவர்களுக்கும், நோய் பரவிய நிலையில், பெரும்பாலும் கீமோவோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். செய்தியை எழுதியவர் இதை வசதியாக மறந்துவிட்டார்.

அப்புறம், பெரும்பாலான கட்டிகளுக்குத் தொடக்கமே வேறு: பெருக்கத்துக்குக் கடிவாளமான ஏபிசி மரபணு கெட்டு, செல்லைப் பெருகச் சொல்லும் இன்னொரு வழியான விண்ட் பாதை கட்டவிழ்வது. அந்தப் பழுதை இந்த ஊசிகள் சரிசெய்வதில்லை.